வானம் தெரியாத பந்தல்

என் கல்யாணத்துக்கு முந்தைய நாட்களில் என்னைத் தேடி வந்தவர்களுக்கெல்லாம் அம்மா ஒரே பதிலைத்தான் சொன்னாள். "அவளா? எதிர்வீட்டு மாடில நிக்கிறா, போய்ப் பாருங்க. மாப்பிள்ளை வந்து கையப் பிடிச்சு இறக்கினாத்தான் இறங்குவா போலிருக்கு." கோபமாகத்தான் ஆரம்பிப்பாள். முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிடும். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாருக்குமே ஒழுங்காகக் கோபப்பட வரவில்லை.

நான் போட்டோகிராஃபர். ஸ்ரீரங்கத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் போட்டோ, காதுகுத்து, வளைகாப்பு, கல்யாணம் எல்லாம் எடுப்பேன். "உங்க கல்யாணம் எப்பங்க?" என்று என்னிடம் கேட்காத சமையல்காரரோ மேளக்காரரோ இந்தத் தீவில் கிடையாது. "கேமராவைப் பிடிச்சுக்க ஆள் கிடைக்கட்டும்" என்று சொல்லிச் சொல்லியே நாற்பதை நெருங்கிவிட்டேன். அப்போதுதான் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தார். ஃபிளாஷ் அடித்தபோதெல்லாம் கண்ணை மூடினார். எத்தனை முறை எடுத்தாலும் மூடினார். "நாளைக்கு வாங்க" என்றேன். வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். அவர் இன்றுவரை பாஸ்போர்ட் எடுத்தபாடில்லை. ஆனால் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

அந்த நிச்சயத்தில்தான் அப்பா விழுந்தார். அப்பா டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே காவிரிப் பாலத்தைத் தாண்டித் தாண்டியே தலை நரைத்தவர். வேலைதான் போனதே தவிர வீட்டில் அவர் கண்டக்டர்தான். தட்டில் சோறு விழுந்ததும் "போலாம் ரைட்" என்பார். விருந்தாளிகள் வாசலில் நின்று பேசினால் "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்பார். நிச்சயத் தாம்பூலம் மாற்றி முடிந்ததும் சந்தோஷம் தாங்காமல் "ரைட்!" என்று கத்திக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாருக்குக் கேட்டைத் திறந்துவிட ஓடினார். வாசல் படிகளை ஒரே தாவலில் தாண்டப் பார்த்தார். தொடை எலும்பு முறிந்தது. வாழ்நாளெல்லாம் படியில் நிற்காதே என்று ஊருக்குச் சொன்ன மனிதர் படியில் கிடந்து, வலியிலும், "கேட்டு திறந்தாச்சா?" என்றுதான் கேட்டார்.

அக்கரையில் டவுன் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. உள்ளே பிளேட் வைத்தார்கள். உட்காரக் கூடாது, மல்லாந்து படுத்தே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். முகூர்த்தத்தைத் தள்ளிப்போடலாமா என்று அம்மா மெல்லக் கேட்டாள். "தள்ளிப் போட்டுப் பாருங்க. கட்டை அவுத்துப் போட்டுட்டு எந்திரிச்சு வரேனா இல்லையான்னு" என்று அப்பா போட்ட சத்தத்தில் நர்ஸம்மா ஓடி வந்துவிட்டார்.

அவர் சத்தத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை இருக்கிறது. எங்களுடையதுதான். அதில் வீடு கட்டி வாடகைக்கு விடு என்று சொல்லாத உறவினர் இல்லை. அப்பா காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். "அது என் பொண்ணு பந்தலுக்கு" என்பார். எனக்கு இருபது வயதாகும்போது சொன்னார், முப்பது தாண்டிய பிறகும் சொன்னார், துறையூரிலிருந்து வந்த என் பெரியம்மா "பந்தலாவது, பொண்ணுக்குத் தலை நரைக்கப் போகுது" என்று முகத்துக்கு நேரே சொன்ன அன்றும் சொன்னார். வருஷத்துக்கு இரண்டு முறை அந்த மனையில் தானே நின்று புல் செதுக்குவார். மண்டபம் வேண்டாம், மூங்கில் நட்டு, கீற்று வேய்ந்து, அந்தப் பந்தலுக்கு அடியில் தன் கையால் தாரை வார்த்து என்னைக் கொடுக்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். இப்போது பந்தலும் வரப்போகிறது, மாப்பிள்ளையும் வந்துவிட்டார், இவர் மட்டும் அக்கரையில் மல்லாந்து கிடக்கிறார். நினைத்தால் எனக்கு அழுகை வரும். அடுத்த நிமிஷம் கல்யாண ஞாபகம் வந்து சிரிப்பு வரும். பைத்தியம் பிடித்த மாதிரிதான் இருந்தேன்.

"சரி, கால் வராட்டிப் போகுது, கண்ணு வரட்டும்" என்றார் அப்பா. "முதல் கம்புலேர்ந்து கடைசிக் கீத்து வரைக்கும் ஒண்ணு விடாம போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. இங்கிருந்தே நான் பாத்துக்கறேன்."

எதிர்வீட்டு மாமியிடம் மொட்டைமாடியைக் கேட்டேன். கோயில் கைங்கர்யக் குடும்பம். மாமி வாயைத் திறந்தால் பெருமாள் வராமல் போகமாட்டார். "பேஷா எடுத்துக்கோ. பெருமாள் உனக்கு இப்பத்தான் திருவுள்ளம் பண்ணியிருக்கார், நான் யாரு வேண்டாங்கறதுக்கு? ஆனா வடாம் காயறது. அதை மிதிச்சே, உன் கல்யாணத்துக்கு வரமாட்டேன்" என்றார். வடாத்துக்கு நடுவே இடம் பார்த்து முக்காலியை நிறுத்தினேன். கைப்பிடிச் சுவரோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டினேன். தெருவுக்கு அந்தப்புறம் எங்கள் மனை முழுவதும் கேமராவின் கட்டத்துக்குள் வந்தது. சில நிமிஷத்துக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி கேமராவை வைத்துவிட்டு, கையில் செல்போனோடு கீழே ஓடுவதும் மேலே ஓடுவதுமாக என் கல்யாண வேலை தொடங்கியது.

முதல் வேலை பந்தக்கால். மனையின் வடகிழக்கு மூலையில், நல்ல நேரத்தில், மஞ்சள் தடவி மாவிலை கட்டிய மூங்கிலை நட்டுவிட்டால் கல்யாணம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கல்யாணம் முடிகிறவரை அந்தக் காலை யாரும் அசைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் இன்னொரு சட்டமும் உண்டு. பந்தக்கால் நட்ட பிறகு கல்யாணப் பெண் ஆற்றைத் தாண்டக் கூடாது. ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு இப்படி ஒரு சட்டம்! தெற்கே போனால் காவிரி, வடக்கே போனால் கொள்ளிடம், மேற்கே நடந்து தப்பிக்கலாம் என்று பார்த்தால் முக்கொம்பில் இரண்டும் சேர்ந்து நிற்கின்றன. ஆவணி மாதம், இரண்டிலும் தண்ணீர் வேறு. அப்பாவைப் போய்ப் பார்க்க வழியே இல்லை. நல்லவேளையாக மாப்பிள்ளை வீட்டில் அந்தச் சட்டம் கிடையாது. வேலை முடிந்ததும் அவர் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய், நான் அனுப்பும் படங்களை அப்பாவின் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்பார்.

பந்தக்கால் நட்ட காலையில்தான் நான் என் கைவரிசையைக் காட்டினேன். மனைக்குள் வரும் வழியும் அந்த வடகிழக்கு மூலையை ஒட்டித்தான், தெருப் பக்கச் சுவரில் இருக்கிறது. பந்தல்காரர் கடப்பாரையால் சரியாக மூலையில் குழி போடப் போனார். மாடியிலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் சுவரின் நிழல் விழுகிறது. முதல் கம்பு, அதுவும் என் பந்தக்கால், நிழலிலா நிற்பது? ஒரு ஆள் நீளம் தள்ளினால் இளவெயில் மாவிலை மேல் அப்படியே விழும்.

"அண்ணே! கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க!" என்று மேலிருந்து கத்தினேன்.

பந்தல்காரர் நிமிர்ந்து பார்த்தார். மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு, காதில் எந்நேரமும் ஒரு ஹெட்செட்டோடு, கூடவே பாடிக்கொண்டே வேலை செய்கிறவர். "கல்யாணப்பொண்ணு சொன்னா அப்பீல் ஏதுங்க? இதுவும் ஈசானிய மூலைதான்" என்று சிரித்துவிட்டு, தள்ளிக் குழி போட்டார். குழியில் பால் ஊற்றினார்கள், நவதானியம் போட்டார்கள். "மூங்கிலைத் தொடறதுக்காவது இறங்கி வாடி" என்று அம்மா கத்த, ஓடிப்போய்த் தொட்டுவிட்டு, குங்குமத்தோடு திரும்ப மாடிக்கு ஓடினேன். படம் அற்புதமாக வந்தது. மாவிலையின் நரம்பு வரை தெரிந்தது.

பிறகு வந்த நாட்கள் இருக்கின்றனவே! மூங்கில்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. தண்ணீரில் ஊறவைத்த கயிற்றால் குறுக்கு மூங்கில்களைக் கட்டினார்கள். ஈரக் கயிறு காய்ந்தால் இறுகிக்கொள்ளும். கட்டத்துக்குள் கட்டமாக ஒரு பெரிய வலை மனை மேல் விரிந்தது. குட்டியானை வண்டியில் தென்னங்கீற்று வந்து இறங்கியது. கீழே ஒருவர் கீற்றை வீச, மேலே மூங்கிலில் குந்தியிருப்பவர் பிடிப்பார். வீசியவர் கையை விட்டும் பிடிப்பவர் கைக்கு வராமலும் ஒரு கீற்று அந்தரத்தில் நிற்கிற படம் ஒன்று எனக்கு அமைந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் மாடியில் குதித்த குதியில் மாமியின் வடாம் ஓரமாக இரண்டு நொறுங்கின. எடுத்து வாயில் போட்டுக்கொண்டு தடயத்தை அழித்தேன். பாதி காய்ந்த வடாம் போல ருசியான பண்டம் உலகத்தில் இல்லை.

மாலையானால் அக்கரையிலிருந்து வீடியோ கால் வரும். படங்களைப் பார்த்து முடித்த அப்பா குற்றப் பத்திரிகை வாசிப்பார்.

"அந்த ஓரத்துக் கம்பு சாஞ்சிருக்கு."

"கம்பு நேராத்தான்பா இருக்கு. மாப்பிள்ளை போனைச் சாய்ச்சுப் பிடிச்சிருக்காரு."

"ஏங்க மாப்பிள்ளை, நேராப் பிடிங்க. பந்தல் விழுந்துடப் போகுது."

"சரிங்க மாமா" என்பார் அவர் பவ்யமாக. போனைத் திருப்பி என்னைப் பார்ப்பார். நான் கையை ஃபிளாஷ் மாதிரி சொடுக்குவேன். உடனே கண்ணை மூடுவார். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்டால், இந்த வயதில்தான் தேவை என்பேன்.

உள்ளே வெள்ளைத் துணி கட்டி மறைக்கவா என்று பந்தல்காரர் கேட்டார். அப்பாவிடம் கேட்டுச் சொன்னேன், கீற்று தெரிய வேண்டும், துணி வேண்டாம்.

பந்தல் முக்கால் வாசி முடிந்திருந்தபோது மாப்பிள்ளை பகலிலேயே கூப்பிட்டார். வேலை நேரத்தில் கூப்பிடாதவர்.

"டாக்டர் சரின்னுட்டாருங்க!" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. "கல்யாணத்தன்னைக்கு ஆம்புலன்ஸ்ல கூட்டிட்டுப் போய்ட்டு வரலாமாம். படுத்த வாக்குலயே போகணும், படுத்த வாக்குலயே வரணும். வண்டிலேர்ந்து மட்டும் கீழ இறக்கவே கூடாதாம்."

மாடிப்படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. "அப்பா வராரு! அப்பா வராரு!" என்று தெருவில் ஓடினேன். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். மாமி உள்ளேயிருந்து துளசி எடுத்துவந்து என் தலையில் வைத்தார். பந்தல்காரர் மூங்கில் மேலிருந்தே ஒரு விசில் அடித்தார். எல்லாரும் ஆடித் தீர்த்த பிறகு அவர்தான் இறங்கி வந்து, வழியை இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"வண்டி உள்ள வராதே கல்யாணப்பொண்ணு" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். மனைக்குள் வரும் வழியின் நடு மத்தியில், மாவிலையோடு, மஞ்சளோடு, பகல் வெயிலில் அழகு சொட்ட நின்றுகொண்டிருந்தது என் பந்தக்கால். ஆள் போகலாம், மணவறைப் பலகை போகலாம், ஆம்புலன்ஸ் எங்கே போவது?

"பந்தக்கால்ல யாராவது கைய வச்சீங்க..." என்றாள் அம்மா. பந்தல்காரரே இரண்டடி பின்னால் போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்தாள், மாமி என்னைப் பார்த்தார், மேலே கீற்று வேய்கிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். வெளிச்சம் பார்த்தேனாம் வெளிச்சம். என் தலையில் நானே நாலு குட்டு வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்று மாலை அப்பா படத்தைப் பார்த்ததுமே கேட்டார். "ஏம்மா, வழி நடுவுல எவன் கம்பு நட்டான்?"

"எவனும் இல்லப்பா. நான்தான் தள்ளி நடச் சொன்னேன். போட்டோவுக்கு."

அப்பா படத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு சிரித்தார். "என் பொண்ணுதான் நீ. நான் படியில விழுந்தேன், நீ வழியில நட்ட." சிரித்து முடித்துவிட்டு, "பரவால்ல விடு. வண்டி தெருவுலயே நிக்கட்டும். உங்க பெரியப்பா தாரை வாக்கட்டும். நான் கதவைத் திறந்து வச்சுட்டுப் பாத்துக்கறேன்" என்றார். கண்டக்டர் குரல் இல்லை அது. அத்தனை வருஷம் புல் செதுக்கிய மனிதரை நான் ஒரு மாவிலைக்காகத் தெருவில் நிறுத்திவிட்டேன். போனை வைத்ததும் அழுதேன், அடக்கவே முடியவில்லை.

"தெருவுலயே வச்சுத் தாரை வாத்தா என்னம்மா?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"அது எப்படிடி? தாரை வாக்கிறவங்க தலைக்கு மேல கீத்து இருக்கணும். வானம் தெரிஞ்சா அது பந்தல் இல்ல, தெரு."

மறுநாள் காலை, மாடியில் உட்கார்ந்து கேமராவில் பழைய படங்களைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போனேன். வேறு வேலை ஓடவில்லை. கீற்று வந்து இறங்கிய நாளின் படம் ஒன்று வந்தது. குட்டியானை தெருவில் நிற்கிறது. கீற்றுக் கட்டுகள் வண்டிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு தொங்குகின்றன. அந்த நிழலில், நடுத்தெருவில், பந்தல் ஆட்கள் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேல் கீற்று. வானம் இல்லை.

"அண்ணே!" என்று நான் போட்ட கூச்சலில் பந்தல்காரர் ஹெட்செட்டைக் கழற்றினார். "வண்டி பந்தலுக்குள்ள வராட்டி என்ன? பந்தல் வண்டிக்கு வரட்டும்!"

அவர் தெருவைப் பார்த்தார். எங்கள் சுவரிலிருந்து எதிர்ச்சாரி வரை கண்ணாலேயே அளந்தார். "போடலாம். ஆனா அந்தப் பக்கத்துக் கம்பு மாமி வீட்டு வாசல்லதான் நிக்கணும்" என்றார்.

மாமி வீட்டு வாசல் என்றால் மாமியின் கோலம். அந்த இடத்தில் சைக்கிள் நிறுத்தியவர்களை மாமி திட்டியது தெருக்கோடி வரை பிரசித்தம். தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டேன். மாமி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தன் வாசலையே பார்த்தார். "உன் தோப்பனார் என்னை எத்தனை வருஷம் பஸ்ஸில் ஏத்தி இறக்கியிருக்கார் தெரியுமோ? நான் தூக்குப் பாத்திரத்தோடு ஓடி வந்தா, விசிலை ஊதாம நிப்பார். நட்டுக்கோடி. கம்பைச் சுத்திப் போட்டுக்கறேன்" என்றார். சொன்னபடியே மறுநாள் மூங்கிலைச் சுற்றி ஒரு கோலம் போட்டார். அத்தனை பெரிய கோலம் அந்த வாசலில் நான் பார்த்ததில்லை.

பந்தல் தெருவுக்கு வந்தது. மனையிலிருந்து சுவரைத் தாண்டி எதிர்ச்சாரி வரை ஒரே கூரை. ஆம்புலன்ஸே நுழைகிற உயரம், ஆனாலும் தெருவில் வந்த ஸ்கூட்டர்க்காரர்கள் குனிந்து குனிந்து போனார்கள். படத்தைப் பார்த்த அப்பா, "அட, பாலம் கட்டிட்டாளே!" என்றார். அன்று ராத்திரிச் சாப்பாட்டை நர்ஸம்மா கெஞ்சாமலே சாப்பிட்டதாக மாப்பிள்ளை சொன்னார்.

கல்யாணத்தன்று காலை. கூரைப் புடவை கட்டி, தலை நிறையப் பூவோடு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். மாப்பிள்ளை ஏற்கெனவே மணவறைக்கு வந்தாயிற்று. அன்று படம் எடுக்க என் தொழில் தோழி ஒருத்தி வந்திருந்தாள். அவள் என் முகத்துக்குக் கிட்டே கேமராவைக் கொண்டுவந்து, "கொஞ்சம் வெக்கப்படுடி" என்றாள். எனக்கு வெட்கம் எங்கே வரும்? வாசலில் அம்மாவின் குரல் கேட்டது.

"இது என்ன வெளிச்சம்?"

எழுந்து ஓடினேன். சுவருக்கு நேர் மேலே, பழைய கூரையும் புதுக் கூரையும் சேருகிற இடத்தில், கீற்று ஒன்றோடொன்று ஒட்டவில்லை. அங்கிருந்து தெருவின் நடுப் பகுதி வரை ஒரு இடைவெளி. நேற்று தெரியவில்லை. ராத்திரிக் காற்றில் நகர்ந்திருக்கிறது. ஆம்புலன்ஸின் பின்கதவு வந்து நிற்க வேண்டிய இடத்தில் தரையில் வெயில் விழுந்து கிடந்தது. வண்டி பாலத்தில் ஏறிவிட்டது என்று போன் வந்துவிட்டது. பந்தல்காரரிடம் ஒரு கீற்று மிச்சமில்லை. "எடுத்துட்டு வர ஆள் அனுப்புறேன், ஆனா முகூர்த்தத்துக்குள்ள வருமான்னு..." என்று இழுத்தார். அவர் பாட்டையே நிறுத்தியிருந்தார்.

"கிணத்தடில தட்டி இருக்கே!" என்றார் மாமி. மாமி வீட்டுக் கொல்லையில், கிணற்றடியில் மறைப்புக்காகக் கட்டிய கீற்றுத் தட்டி. மழையிலும் வெயிலிலும் கிடந்து கறுத்துப்போனது. "பழசுன்னா என்ன, ஓட்டையில்லாம இருக்கு. பிரிங்கோ! பெருமாளுக்குத் தெரியாதா நம்ம அவசரம்?" என்று தானே முந்திக்கொண்டு போய்க் கயிற்றை அவிழ்த்தார். பந்தல்காரர் அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினார். மூங்கில் மேல் நிற்பவருக்கு ஓட்டை முழுதாகத் தெரியாது. அது தெரிகிற இடம் ஒன்றுதான். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாமி வீட்டு மாடிக்கு ஓடினேன்.

"ஏண்டி! கல்யாணப்பொண்ணுடி நீ!" என்று அம்மா பின்னால் கத்தினாள். அது எனக்கும் தெரியும்!

மேலே என் கேமரா தன்பாட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அணைக்க மறந்தே போயிருக்கிறேன். திரையில் பார்த்தேன். வெளிறிய கீற்றுக் கடலுக்கு நடுவே கறுப்பாக அந்தத் தட்டி நகர்ந்துகொண்டிருந்தது. "இடது பக்கம் அண்ணே! இன்னும்! கொஞ்சம் கீழ!" என்று கத்தினேன். அதற்குள் ஆம்புலன்ஸ் தெருமுனையில் திரும்பிவிட்டது. பின்னோக்கியே மெல்ல வந்து, பின்பாதியைப் பந்தலுக்குள் விட்டு நின்றது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கூரைக்கு அடியிலிருந்து அப்பா குரல் வந்தது.

"என் பொண்ணு குரல் மேலேர்ந்து வருதே, எங்க இருக்கா அவ?"

"மாடிலப்பா! வானம் தெரியுதா?"

"ஒரு துளி தெரியுது."

பந்தல்காரர் தட்டியை இழுத்தார்.

"இன்னும் வரட்டும்... வரட்டும்... வரட்டும்..." என்றார் அப்பா. பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது அவர் கொடுக்கிற அதே குரல். "ஓல்டான்! ரைட்!"

திரையில் பார்த்தேன். கீற்று, கறுப்பு, கீற்று. நடுவில் ஒன்றுமில்லை.

கீழே இறங்கி ஓடினேன். மணவறையிலிருந்து கூரை விடாமல் நடந்து, பந்தக்காலைச் சுற்றிக்கொண்டு, நானும் மாப்பிள்ளையும் வண்டிக்கு வந்தோம். அப்பாவின் தலை கதவுப் பக்கம் வரும்படி படுக்க வைத்துக் கூட்டி வந்திருந்தார்கள். கட்டிலைக் கொஞ்சம் வெளியே இழுத்ததும் அவர் முகம் பந்தலுக்குள் வந்தது. புதுச் சட்டை, தோளில் அங்கவஸ்திரம். எங்கள் இருவரையும் அவர் தலைகீழாகத்தான் பார்த்தார். அதைவிட அதிகமாக மேலே பார்த்தார். இத்தனை நாள் மாடியிலிருந்து எடுத்த படத்தில் பார்த்த கூரையை இப்போதுதான் அடியிலிருந்து பார்க்கிறார்.

"நல்லா வேஞ்சிருக்கான்" என்றார்.

என் கையை மாப்பிள்ளையின் கைமேல் வைத்தார்கள். அம்மா செம்பைக் கொடுத்து, அவர் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் எங்கள் விரல்களில் விழுந்தது. படுத்தபடி ஊற்றியதில் பாதி தண்ணீர் மாப்பிள்ளையின் சட்டையில் விழுந்தது. அவர் அசையவில்லை, கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டார். தண்ணீர் தீர்ந்த பிறகும் அப்பா செம்பைக் கவிழ்த்துப் பிடித்தபடியே இருந்தார். எல்லாரும் அவர் ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தோம்.

"போலாம்" என்றார். அதற்கு மேல் வரவில்லை. ரைட் என்று மாப்பிள்ளைதான் சொன்னார், மெதுவாக, கண்ணைத் திறக்காமலே.

அப்பா இப்போது கைத்தடியோடு நடக்கிறார். மனையில் திரும்பவும் புல் வளர்ந்துவிட்டது, செதுக்க விடமாட்டேன் என்கிறேன், கேட்பதில்லை. கல்யாண ஆல்பம் பீரோவில் இருக்கிறது. என் தோழி நன்றாகவே எடுத்திருந்தாள். ஆனால் கூடத்துச் சுவரில் பெரிதாக மாட்டியிருப்பது, அணைக்க மறந்த அந்தக் கேமரா தாரை வார்க்கிற நேரத்தில் தானாக எடுத்த படம். அதில் பெண் இல்லை, மாப்பிள்ளை இல்லை, ஒரு மனித முகம் கிடையாது. படம் முழுக்கக் கீற்றுக் கூரை. ஓரத்தில் ஆம்புலன்ஸின் வெள்ளை மூக்கு கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். கூரை நடுவில் ஒரு கறுப்பு ஒட்டு.

வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். போன வாரம் துறையூர்ப் பெரியம்மாவும் கேட்டார். "கீத்தைப் போய் யாராவது போட்டோ எடுத்து மாட்டுவாங்களா? அதுலயும் ஒட்டுப்போட்ட கீத்து!"

அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தடியை ஊன்றிக்கொண்டு சுவருக்குப் போய், கறுப்பு ஒட்டின் மேல் விரலை வைத்தார்.

"இங்கதாங்க என் ஸ்டாப்பிங்" என்றார்.